யாருக்கு என்ன நட்டம்?



காலையில் வேலைக்குப் புறப்படும்போது பூனை குறுக்கே போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறோம். யாராவது தும்மினால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து எழும்புகிறோம். சுவரில் பல்லி சொன்னால், எந்தத் திசையில் சொன்னது என்று காது கொடுக்கிறோம். இராகு காலத்தில் புதுத்துணி வாங்குவதில்லை. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. வாசல் நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். அதே நிலைக்கு உட்புறத்தில் திரு இருதய ஆண்டவரின் படம், அதன் முன் சிவப்பு விளக்கு.

கேட்டால், "இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க சாமி. ஆனா எதுக்கு வம்பு?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அடுத்த பதில் வரும்: "செஞ்சிட்டுப் போறதில யாருக்கு என்னா நட்டம்?"

இது நேர்மையான கேள்வி. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த விடையை, "சகுனம் பார்ப்பது முதற் கட்டளைக்கு விரோதம்" என்பதை, மறுபடியும் ஒப்புவித்துவிட்டால் இதற்குப் பதில் சொன்னதாகாது. கேள்வி கேட்டவர் நட்டக் கணக்குக் கேட்கிறார். நாமும் கணக்கே பார்ப்போம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். எல்லாப் பழக்கங்களும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையல்ல. வீட்டைவிட்டுப் புறப்படும் தமிழன் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறான். இதன் அடியிலும் ஒரு பழைய பயம் ஒளிந்திருக்கலாம். ஆனால் இன்று அது அன்பின் சொல். வழியனுப்புகிறவருக்குத் திரும்பி வருவேன் என்று கொடுக்கும் வாக்குறுதி. அதை விட்டுவிடச் சொல்ல எந்தக் குருவுக்கும் மனம் வராது.

வேறு சில பழக்கங்கள் சிரித்துவிட்டுப் போகத் தக்கவை. புனித அகுஸ்தினார் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி எழுதிய நூலில், தம் காலத்து மக்களின் இத்தகைய பழக்கங்களை வரிசையாகச் சொல்கிறார். செருப்பு மாட்டும்போது தும்மல் வந்தால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்களாம். வெளியே போகும்போது கால் இடறினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களாம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய வட ஆபிரிக்காவும் இன்றைய அட்டனும் எவ்வளவு அருகில் இருக்கின்றன, பாருங்கள்! அங்கேயே அவர் உரோமைப் பெரியவர் கேற்றோவைப் பற்றியும் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் வந்து, "என் பாதணியை எலி கடித்துவிட்டது, இது எதற்கு அறிகுறி?" என்று கேட்டானாம். "எலி பாதணியைக் கடித்ததில் அதிசயம் என்ன? பாதணி எலியைக் கடித்திருந்தால் அல்லவா அஞ்ச வேண்டும்" என்றாராம் கேற்றோ.

சிரிப்பதோடு நின்றுவிடவும் கூடாது. நம் மலையக மக்களிடம் இந்தப் பயங்கள் ஏன் இவ்வளவு வேரூன்றின என்பதற்குக் காரணம் இருக்கிறது. மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி பசுபிக் தீவொன்றில் வாழும் மீனவரைப் பற்றி 1925இல் எழுதினார். அமைதியான களப்பில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதையும் நாடுவதில்லை. ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமும் சடங்கும் வருகின்றன. மனிதன் தன் கைக்கு எட்டாத இடத்தில்தான் சகுனம் பார்க்கிறான்.

நம் பாட்டன் பூட்டன்மார் வாழ்க்கை முழுவதும் ஆழ்கடலாகவே இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். கோப்பியை நம்பி வந்தார்கள். 1869இல் கோப்பியில் நோய் விழுந்தது. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று எண்ணிக்கை பேசினார்கள். மீதி 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். நாடற்றோர் என்ற நிலைக்குச் சட்டப்படி முடிவு கட்ட 2003ஆம் ஆண்டாயிற்று. நாளை எந்த மண்ணில் இருப்போம் என்றே தெரியாத ஒருவன், பல்லி என்ன சொல்கிறது என்று கேட்டால், அவனைப் பார்த்து நகைக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே இப்பழக்கங்கள் ஆறுதல் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. நான் கேட்பது வேறு: அந்த ஆறுதலுக்கு விலை கொடுக்கிறவர் யார்?

இந்தக் கேள்வியை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தாயிடம் கற்றேன். அதுவும் வெட்கத்தோடு கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அட்டன் பகுதியில் பங்குப்பணி செய்த காலம். தோட்டமொன்றில் திருமணம். மணப்பெண்ணை வீட்டில் ஆசீர்வதித்துக் கோவிலுக்கு அழைத்துப் போகும்படி கேட்டிருந்தார்கள். லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பு நிறைய உறவினர்கள். பெண் முழந்தாட்படியிட்டாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை என்று எனக்குத் தெரியும். தாயைக் காணவில்லை.

"அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு நிக்குதுங்க சாமி. தாலியறுத்தவங்க நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வரப்படாதுன்னு அதுவே நின்னுகிட்டுங்க" என்றார் பெண்ணின் மாமா.

எட்டிப் பார்த்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது. நான் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. நேரமாகிவிட்டது, பூசைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், இப்போது போய் ஒரு பிரச்சினையைக் கிளப்புவானேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 'எதற்கு வம்பு' என்ற அதே நினைப்புத்தான், வேறொன்றுமில்லை. மகளைப் பெற்று, கொழுந்தெடுத்து வளர்த்து, படிக்க வைத்த தாயின் கை மட்டும் அந்த நெற்றியில் படாமலே மணப்பெண் கோவிலுக்கு வந்தாள்.

பல வாரம் கழித்து அந்தத் தாயைக் கண்டபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "அதெல்லாம் பழக்கந்தானுங்களே சாமி. யாருக்கு என்னா நட்டம்?" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "பிரட்டுக்குக்கூட நான் எல்லாருக்கும் முந்தியே போயிருவேனுங்க. விடியக்காலம் நம்ம மொகத்தில முழிச்சிட்டு ஒருத்தருக்கு ஏதும் ஆயிட்டா, நம்ம தலையிலதானே விழும்? இருவது வருசமா இருட்டுலயே போயி பழகிருச்சு" என்றார்.

அன்பர்களே, இருபது வருடம்! பனிமூட்டத்தில், மழையில், தனியாக, ஊர் விழிக்குமுன் ஒரு பெண் நடந்திருக்கிறார். ஏன்? மற்றவர்கள் ஒரு 'தீங்கற்ற பழக்கத்தை' நிம்மதியாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. "யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கும்போது நாம் எப்போதும் நம் வீட்டு வாசலில் நின்றே கேட்கிறோம். எதிரே வருகிறவர் பக்கம் போய் நின்று கேட்பதில்லை. அவரோ அந்த நட்டத்தை வெகுகாலம் சுமந்து பழகிவிட்டதால், தமக்கும் நட்டமில்லை என்றே சொல்லிவிடுகிறார்.

பூனைக்கு மனம் நோகாது. பல்லிக்குக் கண்ணீர் வராது. ஆனால் மனிதரைச் சகுனமாக்கும்போது காரியம் வேறாகிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில், திருமுழுக்குப் பெற ஆயத்தமானவர்களுக்குப் புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் போதித்தபோது இதைத்தான் கடிந்துகொண்டார். வீட்டைவிட்டு வெளியே வந்ததும் ஒற்றைக்கண்ணரோ காலூனமுற்றவரோ எதிர்ப்பட்டால் அபசகுனம் என்கிறீர்களே என்றார். கன்னிப்பெண் எதிரே வந்தால் காரியம் கைகூடாது, விலைமகள் வந்தால் இலாபம் என்றுகூட அக்காலத்தவர் சொன்னதை எடுத்துக்காட்டி, இப்பேச்சின் அலங்கோலத்தை வெளிச்சமாக்கினார். எதிரே வருகிற மனிதர் யார், அவருக்கு என்ன தேவை என்று பாராமல், அவரால் எனக்கு என்ன வரும் என்று மட்டும் பார்க்கும் கண் அது. அயலானை நேசி என்ற கட்டளை அங்கே அடிபட்டுப் போகிறது.

லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மரியம்மாளும் சூசையப்பரும் குழந்தை இயேசுவை முதன்முறையாக யெருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நம் கணக்குப்படி இதைவிடப் பெரிய நல்ல காரியம் உண்டா? அந்த நேரம் பார்த்து எதிரே வருகிறவர் யார்? ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, பின்பு முதுமை வரை கைம்பெண்ணாகவே இருந்த அன்னம்மாள். அவர் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னே வந்து இறைவனைப் புகழ்ந்து, அக்குழந்தையைப் பற்றி எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். மரியம்மாள் குழந்தையைப் போர்த்தி மறைத்துக்கொண்டதாக நற்செய்தியில் இல்லை. நம் லயத்து வழக்கப்படி நடந்திருந்தால், அன்னம்மாளை யாராவது கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தியிருப்பார்கள்.

இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையல்ல. தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில், கைம்பெண் என்ற காரணத்தால் ஒருவரைக் கோவில் விழாவுக்கு வரவிடாமல் தடுத்தபோது, வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சட்டத்தின் ஆட்சி நிலவும் சமுதாயத்தில் இது நடக்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் கண்டித்தது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம், மராட்டிய மாநிலத்துக் கிராமமொன்று, கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட், இன்னொரு வழியைக் காட்டிற்று. கணவனை இழந்தவளின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது முதலிய சடங்குகளை இனிச் செய்வதில்லை என்று கிராமசபை கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர் கூடி வைத்த வழக்கத்தை ஊர் கூடியே எடுத்துவிட முடியும்!

இரண்டாவது நட்டம் நோயாளியின் தலையில் விழுகிறது. பாம்பு கடித்தால் பார்வை பார்ப்பது, நாய் கடித்தால் மந்திரிப்பது, பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கோடாங்கியைக் கூப்பிடுவது, மனநோயைச் செய்வினை என்பது: இவை இன்னும் முற்றாக ஒழியவில்லை. "அதையும் பார்ப்போம், ஆஸ்பத்திரிக்கும் போவோம்" என்பார்கள். ஆனால் 'அதை' முதலில் பார்ப்பதால் நேரம் போய்விடுகிறது. விசர் நாய் கடித்தவருக்கு ஊசி உடனே போட வேண்டும். நோய்க்குறி தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தாயத்துக் கட்டிய அந்த இரண்டு நாளுக்குத்தான் அங்கே விலை.

படிக்காதவர்கள்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கொரோனாக் காலத்தில், 2020 நவம்பரில், நாட்டின் சுகாதார அமைச்சரே மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றில் விட்டார். அடுத்த மாதம் கேகாலையில் ஒருவர், காளி கனவில் வந்து சொன்னதாகக் கூறிக் கொடுத்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். அமைச்சரும் அப்பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்றுக் கண்டது. அதற்கு முன், 2015 ஜனவரி 8இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலையும் நினைத்துப் பாருங்கள். பதவியிலிருந்த ஜனாதிபதி வெல்வார் என்று அவருடைய சோதிடர் உறுதி சொன்னார். அவர் தோற்றார். சோதிடம் அதனால் படுத்துவிட்டதா? இல்லை. பலித்ததை நாம் பத்து வருடம் பேசுவோம். பலிக்காததைப் பத்து நாளில் மறந்துவிடுவோம். சகுனம் பிழைத்திருப்பது நமது இந்த மறதியால்தான்.

மூன்றாவது நட்டம், துன்பப்பட்டவர் மேலேயே பழியைச் சுமத்துவது. 'என்ன பாவம் செய்தார்களோ', 'எந்த நேரத்தில் வீடு குடிபோனார்களோ' என்ற பேச்சு ஒவ்வொரு சாவு வீட்டிலும் எழுகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது இதே பேச்சு எழுந்தது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார்.

நமக்குப் பக்கத்து மாவட்டமான பதுளையிலும் ஒரு சீலோவாம் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது கெட்ட நேரத்தால் வந்ததல்ல. அந்த நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றப்படவில்லை. நேரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால், பொறுப்புள்ளவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுமட்டுமல்ல. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று: இவையே மலைநாட்டில் வாழும் நாம் படித்துக்கொள்ள வேண்டிய அடையாளங்கள். பூனைக்குத் திரும்பி வருகிறவன், வெடிப்பைக் கண்டு திரும்பாமல் போனால், அவன் கண் இருந்தும் குருடன் அல்லவா?

இனி நமக்குள்ளேயே ஒரு வார்த்தை. இந்து அயலவரின் பழக்கங்களைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. "இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் துன்பம் வரும்" என்று முன்பு தபாலில் வந்த கடிதம், இன்று கைத்தொலைபேசியில் வருகிறது. அனுப்புகிறவர்கள் யார்? நாம்தான். கழுத்தில் உத்தரியம் அணிகிறோம், நல்லது. பாம்புக்கு அஞ்சி மடு மாதா கோவில் மண்ணை வீட்டில் வைக்கிறோம். மாதாவின் மேல் உள்ள அன்பினால் வைத்தால் அதுவும் நல்லது. ஆனால் செபமும் மனமாற்றமும் இல்லாமல், பொருளே காக்கும் என்று எண்ணினால், அது தாயத்தாகிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினார் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உண்மைக் கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டுக்குள்ளேயே மூடநம்பிக்கை நுழையக்கூடும் என்று எச்சரிக்கிறது. மடு மண் வீட்டில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மருந்தும் இறைவன் தந்ததே.

அப்படியானால் எதை விடுவது, எதை வைத்திருப்பது? ஒவ்வொரு பழக்கத்தையும் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் ஒரு மனிதர் ஓரங்கட்டப்படுகிறாரா? செய்ய வேண்டிய காரியம் தாமதமாகிறதா? கடவுளின் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையை வேறொன்றின் மேல் வைக்கிறேனா? மூன்றுக்கும் இல்லை என்றால், அது வெறும் பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும், அதை மேற்கொள்ள வேண்டியது நம் கடமை. வயோதிபர்களைக் கேலி செய்து திருத்த முயல வேண்டாம். பயத்தைக் கேலி விரட்டாது; துணைதான் விரட்டும்.

அந்தத் தாயைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆண்டு அவருடைய பேரப்பிள்ளைக்குத் திருமுழுக்கு. இம்முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாஸ்கா மெழுகுவர்த்தியிலிருந்து பிள்ளையின் திரியைப் பற்றவைக்கும் நேரம் வந்தபோது, பின் வாங்கில் உட்கார்ந்திருந்த பாட்டியை அழைத்தேன். கோவிலில் ஒரு சலசலப்பு. அவர் எழும்பவில்லை. மறுபடியும் அழைத்தேன். அப்போது மகளே பிள்ளையோடு இறங்கிப் போய்த் தாயின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கை நடுங்கியதால் திரி இரண்டு தரம் அணைந்தது; மூன்றாம் தரம் பற்றிக்கொண்டது. "அணைஞ்சது அபசகுனம்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளை இன்று பாலர் பாடசாலைக்குப் போகிறது, சுகமாக இருக்கிறது. ஆனால் அது சுகமாக இருப்பதை நான் சாட்சியாகக் கொண்டுவரவில்லை. நாளைக்கே அதற்குக் காய்ச்சல் வந்தாலும், பாட்டியின் கையில் குற்றமில்லை.

வாசகர்களே, வருகிற வாரத்தில் ஒரு காலை நீங்கள் வேலைக்குப் புறப்படும்போது, கைம்பெண் ஒருவர் எதிரே வரக்கூடும். உங்களைக் கண்டதும் அவர் ஒதுங்கப் பார்ப்பார். ஒரு நிமிடம் நில்லுங்கள். "என்னா அக்கா, சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, "போயிட்டு வாறேன்" என்று சொல்லிப் போங்கள்.

— ஆசிரியர்